நாட்டு மருந்தை அலோபதி மருத்துவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள்?

எம்.பி.பி.எஸ். படித்த ஒருவர் சித்த, ஆயுர்வேத மருந்துகளைப் பற்றி என்ன நினைக்கிறார் என்ற கேள்விக்கு ஒற்றை விடை கிடையாது. சங்கக் கூட்டத்தில் அவர் சொல்வது ஒன்று, மருந்துச் சீட்டில் எழுதுவது இன்னொன்று, தன் வீட்டில் குழந்தைக்குச் சளி பிடித்தால் செய்வது வேறொன்று. இரு முறைகளையும் சேர்த்துச் செய்யும் கலப்பு மருத்துவத்தை இந்திய மருத்துவச் சங்கம் கடுமையாக எதிர்க்கிறது. ஆனால் கல்லீரல் கோளாறு என்று வருபவருக்கு லிவ்.52 எழுதித் தரும் அலோபதி மருத்துவர்கள் நாடெங்கும் இருக்கிறார்கள். 1955இல் சந்தைக்கு வந்த அந்த மாத்திரை ஆயுர்வேத உரிமத்தில் தயாராவது. மதுவால் கல்லீரல் கெட்டவர்களிடம் அதைச் சோதித்த இலங்கை ஆய்வு ஒன்று 2003இல் வெளியானது. அதில் பயன் எதுவும் தெரியவில்லை. அதற்காக யாரும் அதை எழுதுவதை நிறுத்திவிடவில்லை.

இந்த முரணுக்குக் காரணம், இரண்டு தனித்தனிக் கேள்விகள் ஒரே சண்டைக்குள் சிக்கிக் கிடப்பதுதான். மருந்து வேலை செய்கிறதா என்பது ஒரு கேள்வி. அதை எழுதித் தரும் உரிமை யாருக்கு என்பது மற்றொன்று. முதலாவதற்குச் சோதனைச் சாலையிலும் மருத்துவமனை வார்டிலும் விடை தேடலாம். இரண்டாவது, தொழில் எல்லையைப் பற்றியது; அதன் வயது ஏறக்குறைய 200 ஆண்டுகள்.

கல்கத்தா சமஸ்கிருதக் கல்லூரியில் ஒரு காலத்தில் ஆயுர்வேதமும் மேலை மருத்துவமும் அருகருகே கற்பிக்கப்பட்டன. 1835இல் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. ஆங்கில மருத்துவத்தை மட்டும் சொல்லித்தரும் கல்லூரி கல்கத்தாவில் எழுந்தது. அதே ஆண்டில் சென்னையிலும் மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டது. சென்னை மாகாணத்தில் 1914இல் மருத்துவர் பதிவுச் சட்டம் வந்தபின், வைத்தியர்களோடு சேர்ந்து தொழில் செய்வது டாக்டர்களுக்கு ஆபத்தானது. அது தொழில் ஒழுக்கக் கேடாகக் கருதப்பட்டு, பதிவேட்டிலிருந்து பெயரே நீக்கப்படலாம் என்ற நிலை. வைத்தியரோடு ஒட்டும் வேண்டாம் உறவும் வேண்டாம் என்ற மனநிலை படிப்பால் மட்டும் வந்ததல்ல. சட்டமும் அதை வளர்த்தது.

அதே சென்னையில் எதிர்த்திசை முயற்சியும் நடந்தது. நாட்டு மருந்துகளை ஆராய அரசு நியமித்த டாக்டர் கோமன், அந்த மருத்துவ முறைகளைப் பற்றிக் குறைவாகவே மதிப்பிட்டு அறிக்கை தந்தார். வைத்தியர்கள் கொதித்தெழுந்தார்கள். 1921இல் முகமது உஸ்மான் தலைமையில் குழு அமைக்கப்பட்டது. குழுவின் செயலாளர் கேப்டன் ஜி. சீனிவாசமூர்த்தி, மேலை மருத்துவம் முறையாகப் படித்து, ராணுவத்தில் பணிபுரிந்தவர். நாட்டு மருத்துவ முறைகளுக்கு உள்ளே ஒரு தர்க்கமும் கோட்பாடும் உண்டு என்று விரிவாக வாதிட்டவர் அவர்தான். குழுவின் பரிந்துரைப்படி 1925இல் அரசு இந்திய மருத்துவப் பள்ளி தொடங்கியது; அதன் முதல்வரும் அவரே. சித்தா, ஆயுர்வேதம், யுனானி ஆகியவற்றோடு உடற்கூறும் அறுவை மருத்துவமும் அங்கே பாடங்கள்.

அந்தப் பள்ளி பின்னால் என்ன ஆயிற்று என்பது கவனிக்கத்தக்கது. கல்லூரியாக உயர்ந்து, இறுதியில் 1960இல் முழு அலோபதிக் கல்லூரியாக மாறியது. இன்றைய கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியின் வேர் அதுதான். சுதந்திரத்துக்குப் பின் ராம்நாத் சோப்ரா குழு இரண்டு முறைகளையும் ஒன்றிணைக்கச் சொன்னது. ஒருங்கிணைந்த படிப்புகள் பல மாநிலங்களில் நடந்தன. ஆனால் அவற்றில் சேர்ந்த மாணவர்களே, தங்களுக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் வேண்டும் என்று வேலைநிறுத்தம் செய்தார்கள். இரண்டு துறையும் படித்தவருக்கு இரண்டு துறையிலும் முழு மதிப்பு கிடைக்கவில்லை. சம்பளமும் பதவியும் ஒரே பக்கம் இருந்தன. ஒருங்கிணைப்பு தோற்றது கோட்பாட்டு மோதலால் என்று பலரும் எழுதுவார்கள்; வேலைவாய்ப்பு அதைவிடப் பெரிய காரணம். அதன்பின் தமிழ்நாட்டில் சித்த மருத்துவம் தனிப்பாதையில் போனது. 1964இல் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி வந்தது. 2005இல் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் திறக்கப்பட்டது.

மருந்து வேலை செய்கிறதா என்ற முதல் கேள்வியில் அலோபதி மருத்துவர்கள் அவ்வளவு பிடிவாதக்காரர்கள் அல்லர். சர்ப்பகந்தா வேரை வெறிபிடித்த மனநோயாளிகளுக்கும் ரத்தக் கொதிப்புக்கும் கொடுத்துப் பார்த்து, 1931இல் கட்டுரை எழுதியவர்கள் கல்கத்தாவின் கணநாத சென்னும் கார்த்திக் சந்திர போஸும். பம்பாய் இதய மருத்துவர் ருஸ்தம் ஜல் வக்கீல் அதை உயர் ரத்த அழுத்தத்துக்குப் பயன்படுத்தி, முடிவுகளை 1949இல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் வெளியிட்டார். மூன்றே ஆண்டுகளில் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்ற வேதிப்பொருளைப் பிரித்தெடுத்தது. ரத்த அழுத்தத்துக்கு உலகம் முழுதும் அது எழுதப்பட்டது. பின்னர் மனச்சோர்வு உள்ளிட்ட பக்கவிளைவுகள் பேசப்பட்டன, நல்ல மருந்துகளும் வந்தன, ரெசர்பின் ஒதுங்கியது. இந்த வரலாற்றில் மருத்துவர்களுக்குப் பிடித்த அம்சம் ஒன்று உண்டு: வேர் அளக்கக்கூடிய மாத்திரையானது. வைத்தியர்களுக்கு உறுத்துவதும் அதுவே. பத்தியம், மருந்தோடு சேர்த்துக் கொடுக்கும் அனுபானம், நோயாளியின் உடல்வாகு என எல்லாவற்றையும் உதிர்த்துவிட்டு ஒரு வேதிப்பொருளை மட்டும் எடுத்துக்கொண்டால், அது தங்கள் மருத்துவமே இல்லை என்பது அவர்கள் வாதம்.

கீழாநெல்லியின் கதை தமிழ்நாட்டுக்கு இன்னும் நெருக்கமானது. மஞ்சள் காமாலை என்றால் கீழாநெல்லி என்பது இங்கே கிட்டத்தட்ட அனிச்சைச் செயல். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற பரூக் புளும்பெர்க்கும் சேர்ந்து செய்த ஆய்வு 1988இல் லான்செட் இதழில் வந்தது. ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமந்தவர்களில் 37 பேருக்குக் கீழாநெல்லிப் பொடியும் 23 பேருக்கு வெற்று மாத்திரையும் 30 நாள் தரப்பட்டன. கீழாநெல்லி உண்டவர்களில் 22 பேரின் ரத்தத்தில் வைரஸின் அடையாளப் புரதம் மறைந்தது. மற்றவர்களில் ஒருவருக்கு மட்டும். 59 சதவீதத்துக்கு எதிரே 4 சதவீதம். உலகம் நிமிர்ந்து பார்த்தது. ஆனால் 1990இல் தாய்லாந்தில் இதே சோதனையைச் செய்து பார்த்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. வேறு இடங்களிலும் கிடைக்கவில்லை. செடியின் இனம் வேறா, பறித்த பருவம் வேறா, முதல் ஆய்வின் எண்ணிக்கை சிறிதா என்ற விவாதங்கள் நடந்தன. ஹெபடைடிஸ் பி சிகிச்சையில் இன்று கீழாநெல்லிக்கு இடமில்லை.

அப்படியானால் கீழாநெல்லி குடித்து காமாலை குணமானதைக் கண்ணால் பார்த்தவர்கள் சொல்வது பொய்யா? இல்லை. அசுத்தமான நீரால் பரவும் ஹெபடைடிஸ் ஏ, ஈ வகைக் காமாலை பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். அந்த நாட்களில் எது குடித்தாலும் பெயர் அதற்குத்தான். மருத்துவர்கள் அஞ்சுவது வேறொன்றுக்கு. பித்தக் குழாயில் கல் அடைத்தாலும் காமாலை வரும். கணையத்தில் புற்றுநோய் வந்தாலும் வரும். மூன்று வாரம் மோரில் கீழாநெல்லி அரைத்துக் குடித்தபின் வரும் நோயாளிக்கு அந்த மூன்று வாரம் திரும்பக் கிடைக்காது.

சோதனையில் தேறிய சிகிச்சைகளும் உண்டு. பவுத்திர நோய்க்கு மருந்து பூசிய நூலைக் கட்டும் காரநூல் முறையை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் பல மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சையோடு ஒப்பிட்டது. 1991இல் வெளியான முடிவின்படி, ஆறுவதற்குக் காரநூலில் சுமார் 8 வாரம் ஆனது. அறுவையில் 4 வாரம். ஆனால் நோய் மறுபடி வந்தது காரநூலில் 4 சதவீதம் பேருக்கு, அறுவையில் 11 சதவீதம் பேருக்கு. காரநூலை ஏற்றுக்கொண்ட அலோபதி அறுவை மருத்துவர்கள் உண்டு. எல்லோரும் பேசும் மொழியில் சான்று வந்தபின் அவர்களுக்குத் தயக்கம் இருக்கவில்லை. கோயம்புத்தூரில் முடக்குவாதத்துக்கு ஆயுர்வேத சிகிச்சையையும் மெதோட்ரெக்ஸேட் என்ற அலோபதி மருந்தையும் இரண்டும் சேர்ந்த சிகிச்சையையும் ஒப்பிட்ட ஆய்வு 2011இல் வெளியானது. அமெரிக்க மூட்டுநோய் நிபுணர் டேனியல் ஃபர்ஸ்ட் அதில் பங்கேற்றார். நோயாளிக்கோ மதிப்பிடும் மருத்துவருக்கோ யார் எதைச் சாப்பிடுகிறார் என்று தெரியாத வகையில் அமைந்த ஆய்வு அது. ஆயுர்வேதத்தை அப்படிச் சோதிக்கவே முடியாது என்று இரு தரப்பிலும் சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு அது பதில். மூன்று பிரிவினருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு பலன். ஆனால் பங்கேற்றவர்கள் 43 பேர்தான்; அதை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது.

ஒரு மருத்துவரின் கருத்து அவர் எந்தத் துறையில் உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பொறுத்தும் மாறுகிறது. பொது மருத்துவர் இருமலுக்கு ஆடாதோடை குடிப்பவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு விட்டுவிடுவார். கல்லீரல் நிபுணருக்கு அந்தச் சிரிப்பு வராது. கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று சீந்தில் கொடியை நாள் தவறாமல் குடித்தவர்கள் கல்லீரல் வீக்கத்தோடு மருத்துவமனைக்கு வந்தார்கள். மும்பை மருத்துவர்கள் 2021இல் 6 பேரைப் பற்றி எழுதினார்கள். அடுத்து, 13 மருத்துவமனைகளில் பார்த்த 43 பேரைப் பற்றிய கட்டுரை வந்தது. இந்திய மருத்துவ முறைகளுக்கான ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. அவர்கள் குடித்தது சீந்தில்தானா, அதைப் போன்ற வேறு கொடியா என்று கேட்டது. நியாயமான கேள்விதான். ஆனால் பொடியாக விற்கும்போது வாங்குபவர் அந்தக் கேள்வியை யாரிடம் கேட்பார்?

சிறுநீரக நிபுணருக்கு நினைவுக்கு வருவது பெல்ஜியம். 1990களின் தொடக்கத்தில் பிரசல்ஸ் நகரில் உடல் மெலிய மூலிகை மருந்து சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. சிலருக்குப் பின்னர் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. காரணம், அரிஸ்டலோக்கியா இனச் செடி. நம் ஊர் ஆடுதின்னாப்பாளை அதே இனத்தைச் சேர்ந்தது. எலும்பு மருத்துவருக்கோ நாட்டு மூலிகையோடு சண்டையே இல்லை. அவர் கோபம் கட்டின்மேல். முறிந்த கையில் மூங்கில் பட்டையை இறுக்கிக் கட்டி, ரத்த ஓட்டம் நின்று, விரல்கள் கறுத்துப்போன பின் கொண்டுவரப்படும் பிள்ளையை ஒருமுறை பார்த்தவர் அதை மறப்பதில்லை. மூட்டுவலிக்கும் ஆஸ்துமாவுக்கும் ஒரே வாரத்தில் அதிசயம் செய்யும் பெயரில்லாத பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதும் மருத்துவர்களுக்குப் பழகிப்போன அனுபவம்.

உலோகங்களைப் புடம் போட்டுச் செய்யும் பற்பம், செந்தூரம் பற்றிய வாதம் இவற்றைவிடச் சிக்கலானது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் கடைகளில் வாங்கிய 70 தெற்காசிய மூலிகைத் தயாரிப்புகளைச் சோதித்தபோது 14இல் ஈயம், பாதரசம் அல்லது ஆர்சனிக் இருந்ததாக 2004இல் ஓர் ஆய்வு சொன்னது. உலோகத்தை நூல்களில் சொன்னபடி சுத்தி செய்து புடம் போட்டால் நஞ்சு நீங்கும் என்பது சித்த மருத்துவரின் பதில். இந்த டப்பாவில் இருப்பது அப்படிச் செய்யப்பட்டதுதான் என்பதற்கு யார் பொறுப்பு என்பது அலோபதி மருத்துவரின் மறுகேள்வி. இந்தியச் சட்டப்படி, அங்கீகரிக்கப்பட்ட பழைய நூல்களில் உள்ள மருந்தை அதே முறையில் தயாரிப்பவர் புதிதாக நோயாளிகளிடம் சோதனை நடத்திக் காட்ட வேண்டியதில்லை. இந்த ஒரு விதியை மாற்றினாலே பாதிச் சண்டை தீரும்.

சித்த மருத்துவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. தங்களிடம் குணமாகிப் போனவர்கள் பெரிய மருத்துவமனைக்குப் போவதில்லை. கெட்டுப்போனவர்கள் மட்டுமே அங்கே போகிறார்கள், ஆகவே நிபுணர்களின் கண்ணில் படுவது தோல்விகள் மட்டுமே என்கிறார்கள். இது மறுக்க முடியாத வாதம். இந்தியாவில் மருந்தால் வரும் கல்லீரல் பாதிப்பில் முன்னணியில் இருப்பவை காசநோய் மாத்திரைகள். யாரும் அவற்றைத் தடை செய்யச் சொல்வதில்லை. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. காசநோய் மாத்திரையின் ஆபத்து எழுதப்பட்டிருக்கிறது, எப்போது ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பதும் தெரியும். சூரணத்துக்கு அந்தக் கணக்கு இன்னும் எழுதப்படவில்லை.

எழுதித் தரும் உரிமை யாருக்கு என்ற இரண்டாவது கேள்விக்கு வந்தால் அலோபதி மருத்துவர்களின் குரல் உடனே உயர்கிறது. ஹோமியோபதி படித்த ஒருவர் அலோபதி மருந்து கொடுத்து நோயாளி இறந்த வழக்கில், தான் படிக்காத முறையில் மருத்துவம் செய்பவர் போலி மருத்துவரே என்று உச்ச நீதிமன்றம் 1996இல் கூறியது. 1998இன் மற்றொரு தீர்ப்பு, மாநிலச் சட்டம் அனுமதித்தால் மட்டுமே இந்திய மருத்துவம் படித்தவர் அலோபதி மருந்து எழுதலாம் என்றது. தமிழ்நாடு 2010இல் ஓர் ஆணை மூலம் அப்படி ஓர் அனுமதியைத் தந்தது. மருத்துவச் சங்கம் எதிர்த்தது. 2020 நவம்பரில், ஆயுர்வேத அறுவைப் பட்டமேற்படிப்பு முடித்தவர்கள் 58 வகை அறுவைகளைச் செய்யலாம் என்று இந்திய மருத்துவ மத்தியக் குழு அறிவித்தபோது, டிசம்பர் 11 அன்று நாடு முழுதும் அலோபதி மருத்துவர்கள் புறநோயாளிப் பிரிவுகளை மூடிப் போராடினார்கள். மயக்க மருந்தும் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்தும் எங்கள் துறையிலிருந்து எடுத்துக்கொண்டு அறுவையை மட்டும் ஆயுர்வேதம் என்பதா என்பது அவர்கள் கேள்வி. கேள்வி சரி. ஆனால் தனியார் மருத்துவமனைகள் பலவற்றில் இரவுப் பணி மருத்துவராகக் குறைந்த சம்பளத்துக்கு ஆயுஷ் பட்டதாரிகளை வைத்திருப்பது யார் என்பதையும் இதே சங்கம் பேசியிருக்கலாம்.

அரசு மருத்துவர்களின் நிலை இன்னும் சங்கடமானது. 2005இல் தொடங்கிய தேசிய ஊரகச் சுகாதார இயக்கம், ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஆயுஷ் மருத்துவர்களையும் அமர்த்தியது. ஒரே கட்டடம், ஒரே வரிசை, இரண்டு அறைகள். 2012இல் டெங்கு பரவியபோது தமிழ்நாடு அரசு நிலவேம்புக் குடிநீரை ஊர் ஊராக வழங்கியது. 2020இல் கொரோனாவுக்குக் கபசுரக் குடிநீர் வந்தது. அலோபதி மருத்துவர்கள் பலருக்கு இந்தக் குடிநீர்களைப் பற்றி ஆட்சேபம் குறைவு; கவலை வேறு. டெங்குவில் ஆபத்தான கட்டம் காய்ச்சல் இறங்கும்போதுதான் தொடங்குகிறது. அப்போது ரத்த நாளங்களிலிருந்து நீர் கசிந்து, ரத்த அழுத்தம் விழலாம். குடிநீர் குடித்தேன், காய்ச்சல் விட்டது என்று வீட்டில் படுத்திருப்பவர் அந்த நேரத்தைத் தவறவிடுகிறார் என்பதே அவர்களின் கவலை.

இரு தரப்பையும் அறிந்து பேசியவர்கள் சிலரே. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் இந்தியாவின் சொந்த இதய வால்வு உருவாவதற்குத் தலைமை ஏற்ற இதய அறுவை மருத்துவர் எம்.எஸ். வலியத்தான், பிற்காலத்தில் சரகரையும் சுஸ்ருதரையும் வாக்படரையும் பாடம் கேட்டுப் படித்து நூல்கள் எழுதினார். ஆயுர்வேதக் கருத்துகளை நவீன உயிரியல் கருவிகளால் ஆராயும் திட்டத்தையும் தொடங்கிவைத்தார். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையிலும் டெல்லி எய்ம்ஸிலும் ஒருங்கிணைந்த மருத்துவத்துக்குத் தனிப்பிரிவுகள் இயங்குகின்றன. யோகாவை ஏற்பதில் மருத்துவர்களுக்குத் தடையே இல்லை. அது மாத்திரையோடு மோதுவதில்லை.

நோயாளிகளுக்கு இந்தச் சண்டையால் நேரும் தீங்கு வேறிடத்தில் இருக்கிறது. திட்டு விழும் என்று அஞ்சி அவர்கள் நாட்டு மருந்து சாப்பிடுவதை மருத்துவரிடம் சொல்வதில்லை. கேட்டால் திட்டும் மருத்துவர் இருக்கும்வரை சொல்லப்போவதுமில்லை. சொல்லாததன் விலை அதிகம். அதிமதுரத்தைத் தொடர்ந்து எடுத்தால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும். சிறுநீர் பிரியும் மாத்திரையும் சேர்ந்தால் இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். சர்க்கரை மாத்திரையோடு பாகற்காய்ச் சாறும் குடித்தால் சர்க்கரை அளவு அபாயகரமாக இறங்கலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர் பூண்டு மாத்திரையையோ மஞ்சள் மாத்திரையையோ சேர்த்துக்கொண்டால் ரத்தக் கசிவு அதிகமாகலாம். ரசத்தில் போடும் பூண்டும் குழம்பில் போடும் மஞ்சளும் இந்தக் கணக்கில் வராது. செறிவூட்டி மாத்திரையாக்கியவை வரும்.

எந்த மருத்துவரிடம் போனாலும் சாப்பிடும் சூரணம், லேகியம், குடிநீர், பொடி எல்லாவற்றையும் டப்பாவோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள். எத்தனை நாளாக, எவ்வளவு என்பதையும் சொல்லுங்கள். அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்திருந்தால் அன்றே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் சில மூலிகைகளை இரண்டு வாரம் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும்.